புயல் என்றதும் பால் பாக்கெட் மறைவது ஏன்?

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்தாலே பால், மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன் என்று அள்ளிக்கொண்டு போகிறார்களே, இது பேராசைதானே? – வாசகி, வேளச்சேரி.

பதில்: பேராசை என்று சொல்ல மனம் வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் பாலும் இன்றித் தவித்த உங்கள் பகுதிக்காரர் ஒருவர், அடுத்த புயலுக்கு இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்குவதில் வியப்பில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பால் போன்ற பொருள் கடைக்கு ஏறத்தாழ அன்றாடத் தேவையின் அளவிலேயே வருவதால், தெருவில் பாதிப் பேர் ஆளுக்கொரு பாக்கெட் அதிகம் கேட்டாலே விடிவதற்குள் தீர்ந்துவிடும். வெறுங்கையோடு திரும்பியவர் அடுத்த தெருவுக்கு ஓட, அவரைப் பார்த்து இன்னும் நால்வர் ஓடுவார்கள். தட்டுப்பாடு வரும் என்ற நம்பிக்கையே தட்டுப்பாட்டைப் படைத்துவிடுகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல், நன்றாக நடந்துகொண்டிருந்த வங்கி ஒன்று வதந்தியால் திவாலாகும் கதையைக் கொண்டு இதைத்தான் விளக்கினார். 1973-இல் எண்ணெய் நெருக்கடியின்போது ஜப்பானியர் கழிவறைக் காகிதத்துக்கு முண்டியடித்ததும் இவ்வகையே.

நம் ஊரில், 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், நோய்க்கு அஞ்சியவர்களே முந்தைய நாள் கடைகளில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். (துவரம்பருப்புக்காக நின்றவர்களில் அடியேனும் ஒருவன்.)

ஐப்பசி பிறக்கும் முன்பே பால் பவுடரும் மெழுகுவர்த்தியும் சிறிது சிறிதாக வாங்கி வைப்பவரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கடைசி நாளில் அள்ளுபவரால்தான், அன்றன்றைய கூலியில் அரை லிட்டர் வாங்குபவர் வெறுங்கையோடு திரும்ப நேர்கிறது.