ரயில் ஓடிய தடத்தில் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இத்தாலியின் மலைப்பகுதிகளில் மோட்டார் வாகனம் புழங்காத சரளைப் பாதைகள் நிறைய உண்டு என்றும், அவற்றில் சைக்கிள் ஓட்டுவதற்காகவே பலர் அங்கு செல்கிறார்கள் என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன், வயது 56. தினமும் விடிகாலையில் போடியிலிருந்து முந்தல் வரை சைக்கிளில் போய் வருகிறேன். அதற்கு மேல் மலைச்சாலையில் ஏற ஆசை இருந்தாலும், பேருந்துக்கும் ஜீப்புக்கும் பயந்து வீட்டில் விடுவதில்லை. செப்டம்பரில் மியூனிக்கில் இருக்கும் மகனிடம் போகிறேன். அங்கிருந்து போய்வரக்கூடிய, கார் வராத பாதை ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள், ஐயா?
— ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: வடகிழக்கு இத்தாலியின் டோலமைட் மலைகளில், டோபியாகோவிலிருந்து கோர்த்தினா தாம்பெட்ஸோ வரை செல்லும் பாதையை, ஐயா. தயங்காமல் சொல்கிறேன்.

அது ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். முதல் உலகப் போரின்போது படைகளுக்குத் தளவாடம் கொண்டுசெல்லத் தொடங்கிய வேலை, 1921-இல் பயணிகள் ரயிலாக முழுமை பெற்றது. குறுகிய அகலத் தண்டவாளத்தில் டோபியாகோவிலிருந்து கோர்த்தினா வழியாகக் கலால்ட்ஸோ வரை சுமார் 65 கிலோமீட்டர் ஓடிய அந்த ரயில், 1956-இல் கோர்த்தினாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கு ஆட்களை ஏற்றிச் சென்றது. சாலைகள் பெருகிய பின் அதற்கு ஆதரவு குறைந்து, 1964-இல் அந்தத் தடத்தில் ரயில் ஓட்டமே நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் தடத்தை விட்டுவைத்தார்கள். இன்று டோபியாகோவுக்கும் கோர்த்தினாவுக்கும் இடைப்பட்ட சுமார் 30 கிலோமீட்டர், நன்றாக அழுத்தி இறுக்கிய சரளைப் பாதையாக இருக்கிறது.

உங்கள் வயதுக்கும் பழக்கத்துக்கும் இதைச் சொல்வதற்குக் காரணம் ஏற்றத்தின் அளவுதான். டோபியாகோ சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சியான சிமாபாங்கே 1,530 மீட்டர். அங்கிருந்து இறங்கிச் சேரும் கோர்த்தினாவும் ஏறக்குறைய 1,200 மீட்டர்தான். முதல் பாதியில் 300 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறி, மறுபாதியில் அதே அளவு இறங்குகிறீர்கள். நூறு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் ஏற வேண்டுமென்பதால், ரயில் பொறியாளர்கள் மலையைச் சுற்றி வளைத்தும், தேவைப்பட்ட இடத்தில் குடைந்தும், பாலம் கட்டியும் சரிவைக் குறைத்தே ஆக வேண்டியிருந்தது. அன்று எஞ்சினுக்காகப் பட்ட பாடு இன்று நம் முழங்காலுக்கு உதவுகிறது.

மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வரும் ரயிலில் ஃபோர்ட்டெட்ஸாவில் இறங்கி, புஸ்டர் பள்ளத்தாக்கு ரயிலுக்கு மாறினால் டோபியாகோ போய்ச் சேரலாம். நான் ஒரு செப்டம்பர் காலையில் அங்கிருந்து கிளம்பினேன். முதலில் டோபியாகோ ஏரி. அதைத் தாண்டிச் சற்று தூரத்தில் போரில் மாண்ட ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைவீரர்களின் கல்லறைத் தோட்டம். அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் நில்லுங்கள். நாம் இன்பமாக மிதித்துச் செல்லும் இந்தத் தடம் எந்தத் துயரத்தின் நடுவே போடப்பட்டது என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். பிறகு லாண்ட்ரோ ஏரி வரும். காற்றில்லாத காலையில் 3,221 மீட்டர் உயரமுள்ள கிறிஸ்டல்லோ மலை அந்த நீரில் தலைகீழாகத் தெரியும். ஏரிக்குச் சற்று முன்பு, இடப்புறப் பள்ளத்தாக்கின் முடிவில் மூன்று சிகரங்கள் எனப் பெயர் பெற்ற பாறைத் தூண்கள் தெரியும் இடமும் உண்டு. உச்சியைத் தாண்டியபின் ஃபெலிட்ஸோன் ஆற்றுப் பிளவைக் கடக்கும் ரயில் பாலமும் குகைப்பாதையும் வருகின்றன. சிறு விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலையும் ஓடுகிறது. சில இடங்களில் அது பாதைக்கு அருகிலேயே வரும். குறுக்கே கடக்க வேண்டிய இடங்களும் உண்டு. அங்கெல்லாம் இறங்கி, இருபுறமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடப்பது நல்லது.

எல்லைப்புறத்துக்காரரான உங்களுக்கு இன்னொன்றும் பிடிக்கும். டோபியாகோவில் வீட்டு மொழி பெரும்பாலும் ஜெர்மன். அவர்கள் ஊரை டோப்லாக் என்பார்கள். கோர்த்தினாவில் இத்தாலியத்தோடு லாடின் என்ற பழைய மலைமொழியும் வழங்குகிறது. ஊர்ப்பலகைகளில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு பெயர்களைப் பார்த்தபோது, போடிமெட்டு தாண்டியதும் தமிழும் மலையாளமும் சேர்ந்து வரும் நம் பலகைகள்தான் எனக்கு நினைவில் வந்தன.

கேள்வி: மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தேயிலைக்காட்டு ஜீப் ரோட்டில் சைக்கிள் ஓட்டிப் பழக்கம் உண்டு. ரயில் பாதை எனக்குச் சப்பென்று இருக்கும். கடினமான சரளை ஏற்றம் எங்கே இருக்கிறது, சார்?
— ஒரு வாசகர், மூணாறு

பதில்: தம்பி, நீங்கள் வடமேற்கே பியட்மாண்ட் போக வேண்டும். சூஸா என்ற ஊரிலிருந்து கொல்லே தெல்லே ஃபினெஸ்த்ரே கணவாய்க்கு ஏறும் சாலை சுமார் 18.5 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல். அதில் கடைசி எட்டுக் கிலோமீட்டர் தார் போடாத சரளை. உச்சி 2,170 மீட்டருக்கும் மேலே. ஜீரோ தித்தாலியா சைக்கிள் பந்தயம் முதன்முதலாக 2005-இல் இந்தக் கணவாயில் ஏறியது. 2018-இல் கிறிஸ் ஃப்ரூம் இந்தச் சரளையில்தான் மற்றவர்களை விட்டுப் பிரிந்து, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டிப் போய் அந்தப் பந்தயத்தையே வென்றார்.

அந்தக் கணவாய்க்கு அருகிலிருந்து சேஸ்த்ரியேரே வரை மலைமுதுகிலேயே ஓடுவது அஸ்ஸியெத்தா சாலை. பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேலேயே இருக்கிறது. படைகளுக்காகப் போட்ட சாலை அது; 1747-இல் பிரெஞ்சுப் படையைப் பியட்மாண்ட் படை தோற்கடித்த போர்க்களமும் அந்த முகட்டில்தான் இருக்கிறது. கோடையில் மோட்டார் சைக்கிள்களும் ஜீப்புகளும் அந்தச் சாலைக்கு வருவதுண்டு என்பதைக் கவனியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதன், சனிக் கிழமைகளின் பகல்பொழுதில் மோட்டார் வாகனங்களை அனுமதிப்பதில்லை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

புதிய ஊரில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை யார், எதற்காகப் போட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள். இது பல பயணங்களில் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. ரயிலுக்காகப் போட்டது மெல்ல ஏறும். பீரங்கியும் கோவேறு கழுதையும் ஏறுவதற்காகப் பட்டாளம் போட்டது கடினமாக இருந்தாலும் சீரான வளைவுகளோடு ஏறும். மரம் வெட்டுவதற்கும் பனிச்சறுக்குக் கம்பிவடத்தைப் பராமரிப்பதற்கும் போட்ட வழிகள் ஈவிரக்கமில்லாமல் செங்குத்தாக நிற்கும். அவற்றில் சரளையும் பெயர்ந்து கிடக்கும்.

பட்டாளம் போட்ட வழியெல்லாம் சைக்கிளுக்கு உரியது என்றும் எண்ணிவிடாதீர்கள். வெனெத்தோ பகுதியின் பசூபியோ மலையில் 1917-இல் வெட்டிய ஐம்பத்திரண்டு குகைகளின் வழி உலகப் புகழ் பெற்றது. ஆறரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அதில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது; ஒருபுறம் அதலபாதாளமாக இருக்கும் அவ்வழியில் சைக்கிளோடு போய் உயிரிழந்தவர்கள் உண்டு. அதே மலைக்கு ஸ்காரூப்பி என்ற அகலமான சரளைச் சாலை போகிறது. சைக்கிளில் அதன் வழியாக ஏறி, அதன் வழியாகவே இறங்குங்கள்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண் நான், சுத்த சைவம். மலைமேல் சாப்பாட்டுக்கு என்ன வழி? எந்த மாதத்தில் போகலாம்?
— கல்லூரி ஆசிரியை ஒருவர், குமுளி

பதில்: அம்மா, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை போகலாம். டோபியாகோ – கோர்த்தினா தடம் பனிக்காலத்தில் சறுக்குப் பாதையாக மாறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். சித்திரை வெயிலில் பள்ளத்தாக்கு சூடேறி, மாலையில் நம் மலையில் இடி இறங்குவது போன்றதுதான் அதுவும். ஆதலால் காலை ஏழு மணிக்கே கிளம்பி, மதியம் இரண்டுக்குள் உயரமான இடத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும். ஏறும்போது வியர்த்த உடம்போடு இறங்கத் தொடங்கினால் குளிர் எலும்பைத் துளைக்கும். காற்றுப்புகாத மேற்சட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

ரிஃபூஜியோ எனப்படும் மலை விடுதிகளிலும், மால்கா எனப்படும் கோடைகால மாட்டுப்பட்டிகளிலும் உணவு கிடைக்கும். பொலெந்தா கேளுங்கள், மக்காச்சோள மாவைக் கிண்டிய களிதான் அது. பாலாடைக்கட்டியும் காளானும் வைத்துத் தருவார்கள். கோர்த்தினாவில் கசுன்ட்ஸியேய் என்றொரு பண்டம் உண்டு. பீட்ரூட்டை உள்ளே வைத்து மடித்த மாவுத்துண்டுகள் மேல் உருக்கிய வெண்ணெயும் கசகசாவும் தூவித் தருவார்கள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். கனேதெர்லி என்ற ரொட்டி உருண்டையில் மட்டும் பன்றி இறைச்சி கலந்திருப்பது வழக்கம். ‘சென்சா கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அந்த இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குழாயருகே ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

டோபியாகோ – கோர்த்தினா தடத்தில் கோடைப் பகல் முழுவதும் குடும்பம் குடும்பமாக மக்கள் நடமாட்டம் இருக்கும். தனியாகச் செல்வதற்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மலை மடிப்புகளில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்களும் உண்டு என்பதால், இரவு தங்கும் இடத்தில் அன்றைய வழியைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: அங்கே ‘உப்பு வழி’ என்று ஒன்று இருக்கிறதாமே?
— ஒரு வாசகர், கம்பம்

பதில்: ஆம். லிமோனே பியமோந்தே என்ற ஊருக்கு மேலிருந்து மோனேஸி வரை, இத்தாலி – பிரான்ஸ் எல்லை முகட்டை ஒட்டி, 1,800 முதல் 2,100 மீட்டர் உயரத்தில் ஓடும் சரளைச் சாலை அது. இப்போதுள்ள சாலை பட்டாளம் போட்டது. பெயர் மட்டும் லிகூரியக் கடற்கரையிலிருந்து உப்பு மூட்டைகள் மலைநாட்டுக்குப் போன பழைய காலத்தினுடையது. உமணர்கள் வண்டி கட்டி உப்பைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றதைச் சங்கப் பாடல்களில் படித்தவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு உறவைச் சொல்லும். கோடையில் கட்டணம் வாங்கி, அளவான எண்ணிக்கையில்தான் வண்டிகளை விடுகிறார்கள். வாரத்தில் சில நாட்கள் மோட்டார் வாகனங்களுக்கு முழுத் தடை. சைக்கிளுக்கு அந்த நாட்களே உகந்தவை.

கேள்வி: எங்கள் பக்கத்திலும் ரயில் ஓடிய தடம் இருந்ததே, அதை ஏன் இப்படிச் செய்யக் கூடாது?
— ஒரு வாசகர், கொட்டகுடி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். நீங்கள் சொல்வது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகல ரயிலாக மாறிய அது, தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் உங்கள் கொட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள் போடி போய்ச் சேர்ந்தன. 1924-இல் வந்த பெருவெள்ளம், மலையாளிகள் கொல்லம் ஆண்டைக் கொண்டு ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் சொல்வது, அந்த ரயிலை அழித்துவிட்டது.

டோலமைட் தடம், ஓடி முடித்த பிறகு முழுதாக எஞ்சிய தடம். நம்முடையது வெள்ளத்தில் சிதைந்தபின் சாலைக்கும் தேயிலைக்கும் கரைந்துபோன தடம். மிஞ்சிய துண்டுகளை அளந்து, இரு மாநிலங்களும் பேசி, ஓரிரு கிலோமீட்டரையாவது நடப்பதற்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க முடியுமானால் நான் மனமார வரவேற்பேன். கொடைக்கானலிலிருந்து பேரிஜம், வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷன் வந்த பழைய சாலையையும் சிலர் இதே நோக்கில் கேட்கிறார்கள். அது சோலைக்காடுகளின் நடுவே போகிறது. வாகனங்களுக்கு மூடிக் கிடப்பதால் விலங்குகளுக்கு அங்கே அமைதி கிடைத்திருக்கிறது. அதைத் திறக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் காட்டுத்தடத்தில் அனுமதி இல்லாமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகும் இளைஞர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 2018 மார்ச்சில் அந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். வனத்துறையின் அனுமதி இல்லாமலும், புல் காய்ந்து நிற்கும் மாதங்களிலும் அங்கே போக வேண்டாம் என்று அவர்களிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

கேள்வி: சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: ஒரு வாரத்துக்குள் திரும்புவதானால் வாடகைக்கு எடுங்கள். ரயில் தடத்துக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் போதும். அஸ்ஸியெத்தா போன்ற முகட்டுச் சாலைக்கு 45-க்குக் குறையாமல் கேளுங்கள். மலைச் சைக்கிளே கிடைத்தால் இன்னும் நல்லது. கடையைவிட்டுக் கிளம்புமுன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். ஒருமுறை அவசரத்தில் பார்க்காமல் எடுத்துப் போய், பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது இறக்கத்தில்தான் தெரிந்தது. ஆறு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே இறங்கினேன். மாற்று டியூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, சிறு பம்பு ஒன்று ஆகியவற்றை மட்டும் செங்கோட்டையிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.