கையில ரெண்டு ஸ்க்ரீன் ஓகே, ஹால்ல ஓகேவா?

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம்தான், ரெண்டு ஸ்க்ரீன் வச்ச கேம் மெஷின். அதனால அதையே எடுத்துக்கிட்டேன். பிஎஸ்5 விலை எப்ப குறையும்னு கேட்ட கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) நண்பர் கோவிச்சுக்க வேணாம், அது தெரிஞ்சா நானே ஒண்ணு வாங்கியிருப்பேன்.

அண்ணா, பிரான்ஸ்ல இருக்குற சித்தப்பா ஆகஸ்ட்ல வர்றாரு. அவர் பசங்க விளையாடின பழைய வீ யூ, அதான் நிண்டெண்டோவோட டிவி கேம் மெஷின், சும்மாதான் கிடக்கு எடுத்துட்டு வரவான்னு கேக்குறாரு. அவங்களோட கையடக்க மெஷின் டிஎஸ் அவ்ளோ ஓடுச்சே, அதே ரெண்டு ஸ்க்ரீன் ஐடியாதானே, இது மட்டும் ஏன் ஊத்திக்கிச்சு? வாங்கலாமா வேணாமா?
- கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

சும்மா வர்றத வேணாம்னு சொல்ல நான் யாரு தம்பி, வரச்சொல்லு. ஆனா "அதே ஐடியாதானே"ன்னு கேட்ட பாத்தியா, அங்கதான் விஷயமே இருக்கு.

டிஎஸ் 2004 நவம்பர்ல வந்துச்சு, 3 இன்ச்ல ரெண்டு ஸ்க்ரீன், மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நடுவுல ஒரு கீல், கீழ இருக்குறது டச். மொத்தம் 15 கோடிக்கு மேல வித்துச்சு. வீ யூ 2012 நவம்பர்ல வந்துச்சு, டிவி ஒரு ஸ்க்ரீன், கையில புடிக்கிற கேம்பேட்ல 6.2 இன்ச்சுக்கு இன்னொரு ஸ்க்ரீன், அதுவும் டச்தான். வித்தது 1 கோடியே 35 லட்சம் சொச்சம். அதுக்கு முன்னாடி வந்த வீ மட்டும் 10 கோடி தாண்டுச்சுன்னா பாத்துக்க. தோத்ததுக்கு வேற காரணமும் இருந்துச்சு, பேரக் கேட்டுட்டு இது பழைய வீக்கு எக்ஸ்ட்ரா ரிமோட் போலன்னு ஜனங்க நெனச்சாங்க, வெளி கம்பெனிங்க ஒவ்வொண்ணா கேம் பண்றத நிறுத்துச்சு. எல்லாப் பழியையும் ஸ்க்ரீன் மேல போட முடியாது.

ஆனா ஸ்க்ரீன் விஷயத்துல எனக்கு ஒரு தெளிவான அபிப்பிராயம் இருக்கு. டிஎஸ்ல ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கு, கண்ணுலேர்ந்து ரெண்டும் ஒரே தூரம், தலைய ஆட்டவே வேணாம், கண்ணு மட்டும் மேலயும் கீழயும் போய்ட்டு வந்தா போதும், மேல பாக்கும்போதே கீழ ஏதோ அசையுறது ஓரக்கண்ல தெரியும். டிவியும் கேம்பேடும் அப்படி இல்ல. டிவி எட்டடி தள்ளி செவுத்துல, கேம்பேட் மடியில. தலைய குனிஞ்சா டிவி சுத்தமா போயிடும், நிமிந்தா மடில இருக்குறது போயிடும், நடுவுல கண்ணு ஒவ்வொரு தடவையும் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஃபோகஸ் மாத்தணும். பஸ்ல வெளியூர் போறவன் மொபைலயும் ஜன்னலயும் மாத்தி மாத்தி பாக்குற கதைதான், ரெண்டுல ஒண்ணுதான் பாக்க முடியும், கடைசில மொபைல்தான் ஜெயிக்கும்.

இத நிரூபிக்க நிண்டெண்டோவே வழி பண்ணிக் குடுத்துருக்கு. வீ யூல பழைய டிஎஸ் கேம் சிலத டவுன்லோட் பண்ணி ஆட விட்டாங்க, அதுல ஸ்க்ரீன எப்படி அடுக்குறதுன்னு பல செட்டிங் இருக்கும், அதுல ஒண்ணு மேல் ஸ்க்ரீன் டிவில, கீழ் ஸ்க்ரீன் கையில. அதே கேம், அதே ரெண்டு ஸ்க்ரீன், தூரம் மட்டும்தான் மாறிடுச்சு. கொஞ்ச நேரம் ஆடினா கழுத்தே சொல்லிடும் எது நல்லதுன்னு, ரெண்டயும் கேம்பேட்லயே போடுற செட்டிங்குக்கு மாத்திட்டுத்தான் மறுவேலை.

2016ல வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ எடுத்துக்க. டிவில விண்கப்பல பின்னாடிலேர்ந்து பாக்கலாம், குறி வைக்கணும்னா கேம்பேட்ல காக்பிட் வழியா பாக்கணும். பறக்கும்போது ஒண்ணு, சுடும்போது ஒண்ணுன்னு தலைய தூக்கி தூக்கி இறக்கணும். விமர்சனம் எழுதினவங்க நிறைய பேர் இதத்தான் குத்தம் சொன்னாங்க, எனக்கும் அதே எரிச்சல்தான். ஸோம்பி யூ மட்டும் இத புத்திசாலித்தனமா பயன்படுத்திக்கிச்சு: பைல ஏதாவது தேடணும்னா கேம்பேட குனிஞ்சு பாக்கணும், ஆனா டிவில கேம் நிக்காது, நீ பைய துழாவுற நேரத்துல பின்னாடி ஸோம்பி ஒண்ணு வந்து கடிச்சிடும். ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்க முடியாதுங்கற குறையவே பயமா மாத்திட்டாங்க. ஆனா இந்த ட்ரிக்க எத்தன கேம்ல பண்ண முடியும் சொல்லு.

அப்போ ஹால்ல ரெண்டாவது ஸ்க்ரீனுக்கு வேலையே இல்லயான்னா, இருக்கு, ரெண்டு ஸ்க்ரீனையும் ரெண்டு ஆளு பாக்கும்போது. வீ யூ கூடவே வந்த நிண்டெண்டோ லேண்ட்ல லூயிஜி பேய் பங்களான்னு ஒரு ஆட்டம் இருக்கு, கேம்பேட் வச்சிருக்கவன் பேய், அவன் இருக்குற இடம் அவன் ஸ்க்ரீன்ல மட்டும்தான் தெரியும், டிவிய பாக்குற நாலு பேருக்கு தெரியாது, ரிமோட் அதிர்றத வச்சு கிட்ட வந்துட்டான்னு ஊகிக்கணும். தீபாவளிக்கு சொந்தக்கார பசங்க கூடுற வீட்ல இத போட்டா அன்னிக்கு பட்டாசு மறந்துடும். இது புதுசும் இல்ல, 2003லயே நிண்டெண்டோவோட பழைய டிவி மெஷின் கேம்க்யூப்ல பேக்மேன் வெர்சஸ்னு இருந்துச்சு, ஒருத்தன் கையடக்க கேம்பாய் அட்வான்ஸ கேபிள்ல சொருகி பேக்மேனா ஆடுவான், அவனுக்கு முழு மேப்பும் தெரியும், டிவி முன்னாடி இருக்குற மூணு பேயும் தன்ன சுத்தி கொஞ்ச தூரம்தான் பாக்க முடியும். கையில இருந்தா ஒரு ஆளுக்கு ரெண்டு ஸ்க்ரீன், ஹால்ல இருந்தா ஆளுக்கு ஒரு ஸ்க்ரீன், இப்படி வச்சாத்தான் வேலை செய்யுது.

இன்னொண்ணு, ராத்திரி ஏழு மணியானா உங்க வீட்டு டிவி யார் கையில இருக்கும்னு எனக்குத் தெரியும், அம்மாக்கு சீரியல், அப்பாக்கு நியூஸ். அப்ப கேம்பேட்லயே முழு கேமும் ஓட்டிக்கலாம், டிவியே வேணாம், நெறய கேமுக்கு இந்த வசதி இருக்கு. என்னைக் கேட்டா வீ யூவோட உருப்படியான கண்டுபிடிப்பே இதான், இங்க ரெண்டு ஸ்க்ரீன் இல்ல, ஒரு ஸ்க்ரீன் இடம் மாறுது அவ்ளோதான், அதத்தான் 2017 மார்ச்ல ஸ்விட்ச்சுன்னு தனியா எடுத்துட்டு வந்து சக்கைப்போடு போட்டாங்க. ஆனா கேம்பேட்டுக்கு படம் மெஷின்லேர்ந்து ஒயர்லெஸ்லதான் வரணும், ஒரே ரூம்ல பிரச்சனை இல்ல, ஒயிட் டவுன் பக்கம் பழைய வீடு மாதிரி ரெண்டடி செவுரு இருந்தா அடுத்த ரூம்லயே திணறும். பேட்டரி 3லேர்ந்து 5 மணி நேரம்னு சொல்லி வித்தாங்க, பழைய பேட்டரின்னா அதுலயும் பாதி வச்சுக்க.

சித்தப்பாகிட்ட இத மட்டும் சொல்லிடு: கேம்பேடும் அதோட சார்ஜரும் கண்டிப்பா வரணும், கேம்பேட் இல்லாத வீ யூ வெறும் டப்பா, தனியா வாங்கவும் லேசுல கிடைக்காது. டிஸ்க் எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லு, ஏன்னா ஆன்லைன் கடைய 2023 மார்ச்லயே மூடிட்டாங்க, ஆன்லைன் ஆட்டமும் 2024 ஏப்ரல்ல நின்னுபோச்சு. வீ யூக்கு ரீஜன் லாக் இருக்கு, ஐரோப்பா மெஷின்ல அமெரிக்கா டிஸ்க் ஓடாது, இங்க யாராவது செகண்ட்ஸ்ல வித்தா எந்த நாட்டு டிஸ்க்குன்னு பாத்து வாங்கு. ஒரு நல்லது, பிரான்ஸ்லயும் 230 வோல்ட்டுதான், ட்ரான்ஸ்ஃபார்மர் தேட வேணாம். அமெரிக்கா மாமா இருக்குற பசங்கதான் அடாப்டர யோசிச்சு சொருகணும்.

ரெண்டு ஸ்க்ரீன்ங்கறதே ஒரு வித்தை. மேப்ப பாக்கணும்னா ஒரு பட்டன் அமுக்கினா போச்சு. அதுக்கு எதுக்கு இன்னொரு ஸ்க்ரீன், பேட்டரி வேஸ்ட்.
- நெல்லித்தோப்பு வாசகர்

இது கேள்வி மாதிரி தெரியல, சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு சார். இருந்தாலும் பாதி ஒத்துக்கறேன். டிஎஸ்ல வந்த கேம்ல நிறையது கீழ் ஸ்க்ரீன்ல மேப்ப போட்டுட்டு கைய கழுவிக்கிச்சு, அத பட்டன்லயும் பண்ணியிருக்கலாம். மெஷினுக்கும் பாரம்தான், டிஎஸ்ல 3டி படம் வரையுற இஞ்சின் ஒண்ணே ஒண்ணு, ரெண்டு ஸ்க்ரீன்லயும் 3டி வேணும்னா மாத்தி மாத்தி வரையணும், வேகம் பாதியாயிடும், அதனால பெரும்பாலும் ஒரு ஸ்க்ரீன்ல 3டி இன்னொண்ணுல சாதா படம்.

மிச்ச பாதிய ஒத்துக்க முடியாது. எட்ரியன் ஒடிஸினு ஒரு சீரிஸ், 2007ல முதல் கேம், அதுல மேப்ப நீங்களே வரையணும், மேல குகைக்குள்ள நடந்துக்கிட்டே கீழ ஸ்டைலஸ் குச்சியால செவுரு, கதவு, பொறின்னு கோடு போட்டுக்கிட்டே போகணும், அந்த வரையுறதுதான் கேமே. பட்டன அமுக்கி மேப்ப தொறந்து மூடி தொறந்து மூடி அத பண்ணிப் பாருங்க, பத்து நிமிஷத்துல தூக்கி போட்டுருவீங்க. பின்னாடி 2023ல ஸ்விட்ச்சுக்கு கொண்டாந்தப்ப ஒரே ஸ்க்ரீன்ல ஓரமா மேப்புக்கு இடம் ஒதுக்கித்தான் சமாளிச்சாங்க, ஆடலாம், ஆனா அந்த சுகம் இல்ல. செல்டா ஃபாண்டம் அவர்கிளாஸ்னு ஒரு டிஎஸ் கேம்ல மேல இருக்குற மேப்ல ஒரு முத்திரைய கீழ மேப்ல குத்தணும்னு ஒரு புதிர் வரும். எந்த பட்டன அமுக்கினாலும் ஆகாது, டிஎஸ்ஸையே மடக்கி மூடணும், ரெண்டு ஸ்க்ரீனும் ஒட்டிக்கிட்டு முத்திரை விழுந்துடும். இத வித்தைன்னு சொன்னா அப்படிப்பட்ட வித்தை இன்னும் நாலு வேணும்னுதான் சொல்லுவேன்.

ரெண்டு ஸ்க்ரீன் டிஎஸ்ல பொறந்ததும் இல்ல. 1982லயே நிண்டெண்டோவோட கேம் அண்ட் வாட்ச் கையடக்க மெஷின்ல மல்டி ஸ்க்ரீன்னு மடக்குற மாடல் வந்துடுச்சு, முதல்ல வந்தது ஆயில் பேனிக், மேல ஒழுகுற எண்ணெய வாளில புடிச்சு கீழ நடமாடுற ஆள் கையில இருக்குற பீப்பாய்ல ஊத்தணும். மேல கீழ ரெண்டையும் சேத்து பாத்தாத்தான் ஆட்டமே. அப்ப வெறும் பட்டன் பேட்டரிலதான் ஓடுச்சு, பேட்டரி வேஸ்ட்டுன்னு யாரும் அழல.

போனஸ் தகவல் ஒண்ணு, உங்களுக்கு புடிக்கும். 2013ல வந்த 2டிஎஸ், மடக்காத பலகை மாதிரி இருக்குமே, அதுக்குள்ள இருக்குறது ஒரே பெரிய எல்சிடிதான். மேல பிளாஸ்டிக் மூடி வச்சு ரெண்டா காட்டுறாங்க.

பையன் மூணாவது படிக்கிறான், அவங்க மாமா 3டிஎஸ் தர்றேங்கறாரு. ரெண்டு ஸ்க்ரீன்னா கண்ணுக்கு ரெண்டு மடங்கு கெடுதலா?
- அம்மா ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்

அப்படி ஒரு கணக்கு இல்லக்கா. எத்தன ஸ்க்ரீன்ங்கறதவிட எவ்ளோ கிட்ட, எவ்ளோ நேரம்ங்கறதுதான் முக்கியம். 3டிஎஸ்ல மேல் ஸ்க்ரீன் கண்ணாடி போடாமலே 3டியா தெரியும், ஆறு வயசும் அதுக்கு கீழயும் இருக்குற பசங்களுக்கு அத போடாதீங்கன்னு நிண்டெண்டோவே சொல்லியிருக்கு. உங்க பையன் அந்த வயச தாண்டிட்டான், இருந்தாலும் பக்கத்துல ஒரு ஸ்லைடர் இருக்கும், அத கீழ இறக்கி விட்டா சாதா படம் ஆயிடும், செட்டிங்ல பாஸ்வேர்ட் போட்டு 3டியவே பூட்டியும் வைக்கலாம். கண்ண சுருக்கி பாக்குறான், தலை வலிக்குதுங்கறான்னா கேம் பத்தி எழுதுற என்னை கேக்காதீங்க, தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உங்களுக்கு ஒரே ரோட்டுலதான் இருக்கு, ஒரு நடை காட்டிட்டு வந்துடுங்க.

மொபைல டிவி கேமுக்கு ரெண்டாவது ஸ்க்ரீனா வச்சுக்க முடியுமா?
- அரியாங்குப்பம்

2012ல எக்ஸ்பாக்ஸ் ஸ்மார்ட்கிளாஸ்னு அதத்தான் பண்ணாங்க, சோனியும் பிஎஸ்4க்கு ஆப் விட்டாங்க, இப்ப அதப் பத்தி பேச ஆள் இல்ல. மொபைல் கையில இருந்தா கேம் மேப்ப எவன் பாப்பான், வாட்ஸ்அப்தான் பாப்பான்.

இப்ப சைனா கம்பெனிங்க ரெண்டு ஸ்க்ரீன் ஆண்ட்ராய்டு ஹேண்ட்ஹெல்ட் விடுறாங்களே, அயன் தோர், ஆயனியோன்னு. திரும்பவும் ரெண்டு ஸ்க்ரீன் காலம் வருதா?
- நெய்வேலி டவுன்ஷிப் வாசகர்

வருது, ஆனா பழைய காலத்தை ஆடுறதுக்குத்தான் வருது. தோர்ல மேல 6 இன்ச் அமோலெட், கீழ அதவிட சின்னதா ஒண்ணு, மடக்கிக்கலாம். ஆனா அந்த ரெண்டு ஸ்க்ரீனுக்குன்னே புதுசா பெரிய கேம் யாரும் பண்ணல, வாங்குறவங்க எல்லாம் டிஎஸ் 3டிஎஸ் கேம எமுலேட்டர்ல, அதாவது பழைய மெஷின் மாதிரி நடிக்குற ஆப்ல, ஓட்டத்தான் வாங்குறாங்க. டிஎஸ் ஜெயிச்சதுக்கு காரணம், வாங்குன ஒவ்வொருத்தன் கையிலயும் ரெண்டு ஸ்க்ரீன் உறுதியா இருந்துச்சு, அத நம்பி கேம் பண்றவன் உழைச்சான். ஆண்ட்ராய்டுல நூத்துல ஒருத்தன்கிட்ட கூட ரெண்டு ஸ்க்ரீன் இருக்காது, யாரு மெனக்கெடுவா? பழைய டிஎஸ் கேம் மேல பாசம் இருந்து கையில காசும் இருந்தா வாங்குங்க, புது கேமுக்காகன்னா வேணாம். கஸ்டம்ஸ் செலவையும் விலையோட சேத்து கணக்கு போட்டுக்கங்க.

காந்தி வீதி ஞாயிறு சந்தைல பழைய டிஎஸ் லைட் ஒண்ணு பாத்தேன். வாங்குறதுக்கு முன்னாடி எத செக் பண்ணணும்?
- முத்தியால்பேட்டை

முதல்ல கீல பாருங்க, டிஎஸ் லைட்ல வலது பக்க கீல் விரிசல் விடுறது உலகப் பிரசித்தம். மேல் ஸ்க்ரீனுக்கு போற ஒயர் பட்டை கீல் வழியாத்தான் போகுது, அதனால ஆன் பண்ணி வச்சுக்கிட்டே மெதுவா மடக்கி விரிச்சு பாருங்க, மேல படம் வெள்ளையாவோ கோடு கோடாவோ ஆச்சுன்னா வச்சுட்டு நகந்துடுங்க, அது ரிப்பேர் பண்ண கைவேலை ஜாஸ்தி. கீழ் ஸ்க்ரீன்ல நாலு மூலையும் ஸ்டைலஸால தொட்டு பாக்கணும், தொட்ட இடம் ஒண்ணு பதில் வர்ற இடம் ஒண்ணா இருந்தா செட்டிங்ல டச்ச சரிபண்ற ஆப்ஷன் இருக்கு, அதுக்கும் கேக்கலன்னா வேணாம். டிஎஸ் கேம் கார்டுக்கு பொதுவா ரீஜன் லாக் இல்ல, கிட்டத்தட்ட எந்த நாட்டு கார்டும் ஓடும். சார்ஜர் கூட இருக்கான்னு கேளுங்க, டிஎஸ் லைட் சார்ஜர் தனி, முதல் டிஎஸ்ஸோடதும் சேராது 3டிஎஸ்ஸோடதும் சேராது, எல்லாம் ஒண்ணுதான் சார்னு கடைக்காரர் சொன்னா அங்கயே சொருகிக் காட்டச் சொல்லுங்க.