புண்ணாக்கைக் கூட்டியும் பால் குறைவது ஏன்?

கேள்வி: நிபோங் திபாலில் நான்கு கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். பிப்ரவரி வெயிலில் புல் காய்ந்துவிட்டது. அதனால் மாட்டுக்கு 30 கிலோ போட்ட பச்சைப்புல்லை 12 கிலோவாகக் குறைத்து, 4 கிலோ செம்பனைப் புண்ணாக்கைக் கூட்டினேன். 12 லிட்டர் கறந்த மாடு இப்போது 8 லிட்டர்தான் கறக்கிறது. தண்ணீர் வழக்கம்போல் காலையும் மாலையும் 20 லிட்டர் வாளியில் ஒவ்வொரு வாளி காட்டுகிறேன். எந்தச் சத்து குறைகிறது?

பதில்: ஐயா, நீங்கள் எழுதிய கணக்கிலேயே விடை இருக்கிறது. பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 18 கிலோ புல்லைக் குறைத்தபோது, ஏறக்குறைய 14 லிட்டர் தண்ணீரையும் சேர்த்துக் குறைத்துவிட்டீர்கள். புண்ணாக்கில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். தீவனச் சத்து ஈடாகிவிட்டது, தண்ணீர் ஈடாகவில்லை. வாளி மட்டும் அதே வாளி.

பாலில் 87 விழுக்காடு தண்ணீர். தீனியைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருவயிற்று நீரில்தான் வாழ்கின்றன. செரித்த சத்து கரைந்து மடிக்குப் போவதும் நீரில்தான். ஒரு லிட்டர் பால் ஊற, மடி வழியாக 400 முதல் 500 லிட்டர் இரத்தம் ஓட வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் மாடு முதலில் பாலைத்தான் நிறுத்தும், தன் உயிரைக் காக்க.

வெயிலும் இதில் சேர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது, 30 டிகிரியில் உள்ள 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் நம் பினாங்குக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. அதனால் மாட்டை நனைத்துவிட்டு அப்படியே விடாதீர்கள். காற்றாடி ஓடட்டும், அப்போதுதான் நனைத்ததற்குப் பலன். காற்றாடி இல்லாமல் அடைத்த கொட்டகையில் தண்ணீர் அடித்தால் புழுக்கம்தான் கூடும்.

12 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இந்த வெயிலில் நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் வேண்டும். வேளை பார்த்துக் காட்டாமல் தொட்டியில் எப்போதும் நிரம்பி இருக்கட்டும். கறந்த உடனே மாடு தலையைத் தாழ்த்தி மடமடவென்று குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் தொட்டி காலியாக இருக்கவே கூடாது.

தொட்டியின் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று பாசி ஒட்டினால் அன்றே தேய்த்துக் கழுவுங்கள். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கொட்டகையில் தண்ணீர் இருந்தும் மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பின. கறுப்புக் குழாய் தகரக் கூரைமேல் வெயிலில் கிடந்தது, தண்ணீரில் கை வைத்தேன், சுட்டது. குழாயை நிழலுக்கு மாற்றச் சொன்னேன். உங்கள் குழாய் எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பு நின்றால், கண் குழிந்திருந்தால், சாணம் இறுகியிருந்தால் நீர் வற்றியிருக்கிறது. ஒரு வாரம் தாராளமாகத் தண்ணீர் வைத்தும் பால் ஏறாவிட்டால், அல்லது மடி சுட்டு வீங்கியிருந்தால், காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.