மூன்று முறை போய் வந்தும் நிற்கவில்லை: ஆறு மாதம் தங்க வைக்கலாமா?

தம்பி மூன்று முறை பத்து நாள் சிகிச்சை முடித்தும் மாதம் திரும்புவதற்குள் குடித்துவிட்டார், இப்போது குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் தங்கச் சொல்கிறார்கள், அம்மா அது சிறை மாதிரி என்று அழுகிறார் என எழுதியிருந்தீர்கள். அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பத்து நாளில் உடம்பிலிருந்து சாராயம் இறங்குகிறது, அவ்வளவுதான். சாயங்காலம் ஆனால் கை நடுங்காமலேயே மனசு தேடுகிறதே, அதற்கு யாரும் இன்னும் கை வைக்கவில்லை. 90 நாளுக்குக் குறைந்த சிகிச்சையில் பலன் குறைவு என்று அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனமும் சொல்கிறது.

என் அண்ணனும் இப்படித் தங்கியவர்தான். முதல் மாதம் முழுக்க ஃபோனில் "கூட்டிட்டுப் போ" என்ற ஒரே பேச்சு. நான்காவது மாதம் போனபோது, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே "அப்பா மாத்திரை ஒழுங்காப் போடுறாரா?" என்று கேட்டார். பல வருடங்களில் அவர் எங்களைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

ஆனால் இடத்தை நேரில் பார்க்காமல் சேர்க்காதீர்கள். மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தைப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது என்று காதில் விழுந்தால் உடனே திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, தினமும் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. சேரும் நாள்வரை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள், வெளியே வந்தபின் எந்த மாத்திரை தொடரும் என்பதையும் இப்போதே.