ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் விழுவது ஏன்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். வெப்சைட் ஆர்டர்கள் கனெக்டர் மென்பொருள் வழியாக டேலி கணக்கு மென்பொருளுக்குப் போகின்றன. சில ஆர்டருக்கு இரண்டு பில் விழுகிறது; சிலவற்றுக்கு பில்லே இல்லை. புது மாட்யூல் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டேலி பதில் சொல்லத் தாமதித்தால், கனெக்டர் அதே ஆர்டரை மறுபடி அனுப்பும். அது தப்பில்லை. பழைய ஆர்டர்தான் என்று அடையாளம் காட்டாமல் அனுப்புவதுதான் தப்பு. டேலி தானாக எண் போடும் முறையில் இருந்தால், அடுத்த எண்ணில் இன்னொரு பில்லைப் பதிந்துவிடும்.

டேலியில் வெப் விற்பனைக்குத் தனி வவுச்சர் வகை (பில் பதியும் பிரிவு) திறந்து, எண் முறையை மேனுவலுக்கு மாற்றி, டூப்ளிகேட் தடுக்கும் வசதியைப் போடுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் கனெக்டர் ஒரே ஒரு பில் எண்ணைத் தன் அட்டவணையில் எழுதிவைத்து, எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்பவேண்டும். ஆர்டர் எண்ணையே பில் எண்ணாக்கினால் கேன்சலான ஆர்டர்களால் வரிசை அறுபடும். ஜிஎஸ்டிக்குத் தொடர் எண் வேண்டும், 16 எழுத்துக்குள்.

பில் விழாததற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். சைட்டில் 'வேட்டி 4 முழம்', டேலியில் '4 முழ வேட்டி' என்றிருந்தால் பதிவாகாது. ஆனாலும் ஆர்டர் ஒழுங்காக வந்து சேர்ந்தது போலவே டேலி பதில் அனுப்பும். பிழை அந்தப் பதிலுக்குள் இருக்கும். அதைப் பிரித்துப் படிக்காத கனெக்டர் எதற்கு?

விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் இ-இன்வாய்ஸ் உண்டு; அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதியவேண்டும். இங்கேதான் இரட்டை பில் கடிக்கும். போர்ட்டலில் பில்லுக்குக் கிடைக்கும் அடையாள எண்ணான ஐஆர்என் உங்கள் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து உருவாகிறது. தொகை அதில் சேராது. ஒரே பில் எண் இரண்டாம் முறை போனால் போர்ட்டலே தடுக்கும். எண் மாறிப் போனால் வேறு பில் என்று ஏற்றுக்கொள்ளும். ரத்து செய்ய 24 மணி நேரம்தான். சனிக்கிழமை இரவு விழுந்ததைத் திங்கள் காலை பார்த்தால், அந்தத் தொகையைக் கழித்துக்காட்டும் கிரெடிட் நோட்தான் கதி. ஞாயிறு கடை மூடுபவர்களை நினைத்தா இந்தக் கெடு வைத்தார்கள்? ரத்தான எண்ணையும் திரும்பப் பயன்படுத்த முடியாது.

இடைத்தரகர்களிடம் உஷார். 'வெளியிலிருந்து இணைக்க வேண்டும்' என்று ரவுட்டரில் டேலியின் 9000 போர்ட்டை (டேலிக்குள் நுழையும் இணைய வாசலை) திறந்துவிடுவார்கள். உங்கள் கணக்குப் புத்தகம் தெருவுக்கு வந்துவிடும். உடனே மூடச் சொல்லுங்கள். கனெக்டர் கடைக் கணினியில் இருந்து வெளியே போய் ஆர்டரை எடுத்துவந்தால் போதும். போர்ட்டல் லாகின், பேமெண்ட் கேட்வே சாவி எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அந்த பில் எண் அட்டவணையின் நகலைத் தர மறுப்பவருக்கு அடுத்த வருடப் பணத்தைக் கட்டாதீர்கள்.