பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தை பெற்ற தாய்க்கு வரும் பதற்றம் இயல்பானதா, நோயா?

2020இல் ஊரடங்கின்போது குழந்தை பெற்றவள் நான். என்னைக் கேட்டால், பயம் இயல்பானதுதான். குழந்தை தூங்கும்போது, பார்த்துக்கொள்ள வேறொருவர் இருந்தும் உங்களால் கண்ணை மூட முடியவில்லை என்றால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

அந்த நாட்களில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஓயாமல் கை கழுவுவது, வந்தவர்களை வாசலோடு அனுப்புவது எல்லாம் வேறு காலமாக இருந்தால் வீட்டார் கண்ணை உறுத்தியிருக்கும். அப்போதோ அரசே அதைத்தான் செய்யச் சொன்னது. பொறுப்பான தாய் என்று எனக்குப் பாராட்டு வேறு! குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் அழவில்லை, முடங்கவில்லை; அதனால் மனநலச் சிக்கல் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தொற்று வந்த தாயும் முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பாலூட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சில மருத்துவமனைகளோ தொடக்கத்தில் தாயையும் சேயையும் பிரித்து வைத்தன. எதை நம்புவது?

பிரசவமான சில நாட்களில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் பரிசோதனை தேவை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளில் பதற்றத்தையும் காரணமில்லாத பயத்தையும் பற்றியவையும் உண்டு. தைராய்டு பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பு தாறுமாறானாலும் படபடப்பு வரும். சிந்தனை, நடத்தை சார்ந்த உளவியல் சிகிச்சை பலன் தரும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான செர்ட்ராலின் போன்ற மருந்துகளைப் பாலூட்டும்போதும் மருத்துவர்கள் தருகிறார்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்பது போன்ற கொடூரமான எண்ணங்கள் அழையாமல் வந்து போவது பல தாய்மார்களுக்கு நடப்பதுதான். அதை நினைத்து நீங்கள் நடுங்குகிறீர்கள் என்பதே உங்களுக்கு அப்படிச் செய்யும் விருப்பம் இல்லை என்பதைக் காட்டுகிறது. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் இல்லாத குரல்கள் கேட்டாலோ, நிலை தடுமாறிப் பேசினாலோ, உயிரை விடவோ குழந்தையைத் துன்புறுத்தவோ வேண்டும் என்று தோன்றினாலோ அது அவசர நிலை. விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டிலிருப்பவர்களுக்கு: “பயப்படாதே” என்று சொல்லிப் பயனில்லை. இரவில் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, தாயை வேறு அறையில் தூங்க விடுங்கள்.