நாலு பாட்டு இருக்கிறது, எந்த டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுப்பது?

கேள்வி: நானே எழுதி, வீட்டிலேயே பதிவு செய்த நான்கு பாடல்கள் தயார். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாவற்றிலும் வர வேண்டும். வருடச் சந்தா, ஒருமுறைக் கட்டணம், இலவசம் என்று மூன்று வகை டிஸ்ட்ரிபியூட்டர்கள், அதாவது பாட்டை அந்தத் தளங்களில் ஏற்றித் தருகிறவர்கள், இருக்கிறார்கள். எதை எடுக்கலாம்? அடுத்த பாட்டு எப்போது வரும் என்று எனக்கே தெரியாது.

பதில்: அடுத்த பாட்டு எப்போது என்று தெரியாத உங்களுக்கு வருடச் சந்தா வேண்டாம். டிஸ்ட்ரோகிட் மாதிரி சந்தா சேவைகளில் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஸ்ட்ரீமிங் வருமானத்தில் பங்கும் எடுக்க மாட்டார்கள், அதனால் மாதம் ஒரு பாட்டு போடுகிறவருக்கு அது லாபம்தான். ஆனால் சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டு ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களிலிருந்து இறங்கிவிடும். இறங்காமல் இருக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும், இது பலருக்கும் பிறகுதான் தெரிகிறது. சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும், பாட்டு அப்படியே இருக்கும், வருமானத்தில் 9% அவர்களுக்கு. ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் நீங்கள் முன்னால் எதுவும் கட்ட வேண்டாம், வருமானத்தில் 15% எடுத்துக்கொள்வார்கள்.

இந்தச் சதவீதத்தைப் பார்த்து நீங்கள் பயப்படத் தேவையில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணமே வரும், ஆரம்பத்தில் வருகிற சின்னத் தொகையில் 9 போனாலும் 15 போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கையும் ஒரே இபியாக (சில பாட்டுகள் கொண்ட சின்னத் தொகுப்பாக) சேர்த்து ஒருமுறைக் கட்டணத்தில் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. கையில் பணம் இல்லையென்றால் இலவசம், அதிலும் தவறில்லை.

எதை எடுத்தாலும் பணம் எடுக்கக் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, விலக எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் படித்துவிடுங்கள். பதிவின் உரிமை உங்களிடமே இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆளே வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு பாட்டுக்கும் கிடைக்கும் ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு அது. நாளைக்கு வேறு டிஸ்ட்ரிபியூட்டரிடம் மாறும்போது அதே எண், அதே ஒலிக்கோப்பு, அதே தலைப்போடு ஏற்றினால் பழைய ஸ்ட்ரீம் கணக்கு பெரும்பாலும் கூடவே வரும். புதியது வந்த பிறகு பழையதை இறக்குங்கள்.

யூடியூப் கன்டென்ட் ஐடி, அதாவது மற்றவர்களின் வீடியோவில் உங்கள் பாட்டு வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் முறை, வேண்டுமா என்று கேட்பார்கள். வாடகைக்கு வாங்கிய பீட்டோ (பின்னணி இசை), எல்லோரும் பயன்படுத்தும் லூப்போ (திரும்பத் திரும்ப வரும் இசைத் துண்டு) உங்கள் பாட்டில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அதே பீட்டை வாங்கிய இன்னொருவரின் வீடியோ மீது உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய் விழும், வீண் சண்டை.

காசு கொடுத்தால் ஸ்ட்ரீம் ஏற்றித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும், அது உங்கள் தலையில் வரலாம், பாட்டும் போகலாம்.

வெளியீட்டுத் தேதியை மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட்களுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்ப, வெளியாவதற்கு 7 நாளாவது முன்னால் அது உங்கள் ஆர்டிஸ்ட் கணக்கில் வந்திருந்தால் நல்லது.